0.125 பெரியதா, 0.3 பெரியதா? தசமத்தைப் பிள்ளைகளின் பழைய கணக்கோடு எப்படி இணைப்பது?

கேள்வி | பதிந்தவர்: ஏழாம்வகுப்பு_டீச்சர்

ஏழாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடும் பாடம். 0.125, 0.3 இரண்டில் எது பெரியது என்றால் பாதி வகுப்புக்கு மேல் 0.125 என்கிறது. காரணம் கேட்டால், "125 பெருசு, 3 சின்னது மிஸ்."

பயிற்சிகளில் எல்லாம் "முன்னறிவோடு இணையுங்கள்" என்கிறார்கள். அதனால் ரூபாய், பைசாவில் ஆரம்பித்தேன். 2.50, 2.75 வரைக்கும் சிக்கலே இல்லை. 2.5 என்று எழுதினால் "ரெண்டு ரூபா அஞ்சு பைசா" என்கிறார்கள். 0.125 என்று எழுதினால் 125 பைசா என்று ஒன்றேகால் ரூபாய் ஆக்கிவிடுகிறார்கள். பின்னால் பூஜ்ஜியம் போட்டு இடங்களைச் சமமாக்கச் சொன்னால் விடை சரியாக வருகிறது, ஆனால் 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஓர் எண் சொல் என்றால் "கிடையாது" என்று ஒரே குரல்.

ரூபாயில் தொடங்கியதே தப்பா? வேறு எதில் தொடங்கலாம்? பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை 40 நிமிடப் பாடவேளைக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? "தசமம் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும்ம்ம்" என்று இழுக்கிறார்கள்.

---

பதில் 1 | கணக்கு_வாத்தியார்

டீச்சர், உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே இணைத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து "இலக்கம் கூடினால் எண் பெரியது" என்பது ஒரு தடவைகூடப் பொய்க்காத விதி. 99-ஐ விட 100 பெரியது, 999-ஐ விட 1000 பெரியது. ஆறு வருடம் கைகொடுத்த விதியைப் புள்ளிக்குப் பின்னாலும் போட்டுப் பார்க்கிறார்கள். அறிவுள்ள பிள்ளை அப்படித்தான் செய்யும். ஆகவே புது இணைப்பு எதைக் கொடுப்பது என்று யோசிக்கும் முன், பழைய இணைப்பு எது என்று ஆளாளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. 0.3 என்று சரியாகச் சொன்ன மீதிப் பிள்ளைகளையும் நம்பாதீர்கள். அவர்களில் சிலர் "புள்ளிக்குப் பின் நீளமாக இருந்தால் சிறியது" என்ற வேறொரு தப்பான விதியால் சரியான விடைக்கு வந்திருப்பார்கள். 0.125, 0.3 என்ற ஒரே ஜோடி இவர்களைக் காட்டிக்கொடுக்காது.

கால் தாளில் எட்டு ஜோடி போதும். பெரியதை வட்டமிடு, சமம் என்றால் நடுவில் சமக்குறி போடு. ஐந்து நிமிடம், பேச்சில்லாமல். ஜோடிகள் இவை:

0.63, 0.8
0.736, 0.62
0.3, 0.4
2.375, 2.5
0.08, 0.3
3.45, 3.2
4.45, 4.4502
0.5, 0.50

முதலும் நான்காவதும் குட்டையான எண் பெரியதாக வரும் ஜோடிகள். இரண்டாவதும் ஆறாவதும் நீளமான எண் பெரியதாக வருபவை. முன்னது இரண்டும் தப்பு, பின்னது இரண்டும் சரி என்றால் "நீளமே பெரியது" கூட்டம். அப்படியே தலைகீழாக வந்தால் "குட்டையே பெரியது" கூட்டம். ஒவ்வொரு வகையிலும் இரண்டு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்றே ஒன்று வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டவனும் பாதி நேரம் சரியாகிவிடுவான்.

0.3, 0.4 ஜோடியில் 0.3-ஐ வட்டமிடும் பிள்ளை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது அவற்றை மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று வாசிக்கிறது. பின்னப் பாடத்திலிருந்து வந்த முன்னறிவு அது. குட்டைக் கூட்டத்தில் மற்றவர்கள் "பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது, அதனால் ஓரிலக்கத் தசமம் எதுவும் ஈரிலக்கத் தசமத்தைவிடப் பெரியது" என்று போகிறவர்கள். முதல் பாதி உண்மை என்பதால் இவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம்.

0.08, 0.3 ஜோடி நீளக் கூட்டத்துக்குள்ளேயே பிரிக்கும். 8 பெரியது என்று 0.08-ஐ வட்டமிடுபவர் ஒரு வகை. "புள்ளியை ஒட்டிப் பூஜ்ஜியம் வந்தால் சின்னது" என்று மட்டும் தெரிந்து 0.3-ஐ எடுப்பவர் இன்னொரு வகை. இவர்கள் கரைக்கு அருகில் இருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சரியாகப் போட்டு 4.45, 4.4502 மட்டும் "சமம்" என்று போடுகிறவர்கள் ரூபாய்க் கூட்டம். அவர்களுக்குப் புள்ளிக்குப் பின் இரண்டு இடத்தோடு உலகம் முடிந்துவிடுகிறது. நீங்கள் பைசாவோடு நிறுத்தினால் வகுப்பின் நல்ல மாணவர்கள்தான் இங்கே போய் நிற்பார்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் தனிக்குறை என்று நினைக்க வேண்டாம். 1989-ல் கல்வி உளவியலாளர் லாரன் ரெஸ்னிக் குழுவினர் அமெரிக்கா, பிரான்ஸ், இஸ்ரேல் மூன்று நாட்டுப் பிள்ளைகளிடமும் இதே மாதிரியான விதிகளைப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசம் கவனிக்கத் தக்கது: பின்னத்துக்கு முன்பே தசமத்தைக் கற்ற பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் பின்னத்திலிருந்து வரும் அந்தக் குட்டை விதி மிகக் குறைவு. முந்தைய பாடம் எதுவோ, பிழையும் அங்கிருந்துதான் வருகிறது.

---

பதில் 2 | வட்டார_பயிற்றுநர்

மேலே சொன்ன எட்டு ஜோடி நல்ல தாள். விடையை அன்றே வகுப்பில் சொல்லிவிடாதீர்கள், அதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ரூபாயில் தொடங்கியது பெரிய தப்பில்லை, ஆனால் இந்தத் தலைமுறைக்கு அது பலவீனமான பிடி. 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 பைசா செல்லும் என்றாலும் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை பைசாவைக் கையில் எண்ணியதே இல்லை; அதற்குப் புள்ளி என்பது விலைச்சீட்டில் ரூபாய்க்குப் பின்னால் வரும் ஓர் அலங்காரம். போதாததற்கு ரூபாயும் பைசாவும் இரண்டு தனித்தனி முழு எண்களாகவே மனதில் உட்காரும். 2.5-ஐ "ரெண்டு ரூபா அஞ்சு பைசா" என்று படிப்பது அதனால்தான்.

இதைவிட உறுதியான பிடி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது: அரை, கால், முக்கால், ஒன்றரை, இரண்டேகால். கால் கிலோ அரை கிலோவைவிடக் குறைவு என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டாம். அங்கிருந்து தசமத்துக்கு இப்படிப் போகலாம்.

முதலில் நோட்டில் அரை, கால், காலில் பாதி, முக்கால் நான்கையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொல்லுங்கள். எண்ணே வேண்டாம், வார்த்தையில் எழுதட்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று அடியில் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கால்குலேட்டரில் 1÷2, 1÷4, 1÷8. திரையில் 0.5, 0.25, 0.125. ஒவ்வொன்றையும் தங்கள் வரிசையில் உரிய வார்த்தைக்குக் கீழே எழுத வேண்டும். காலில் பாதிக்குக் கீழே 0.125, அரைக்குக் கீழே 0.5. "125 பெருசு" என்று சொன்ன பிள்ளை இப்போது தன் கையெழுத்தோடுதான் மோதியாக வேண்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவது. 0.5, 0.25, 0.125 என்ற வரிசையில் எண் நீள நீள மதிப்பு குறைகிறது. இதோடு நிறுத்தினால் நீளக் கூட்டத்தை அப்படியே குட்டைக் கூட்டத்துக்கு மாற்றிவிடுவீர்கள். வகுப்பு சரியாக விடை சொல்லும், நீங்களும் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் அதே மூச்சில் 3÷4, 7÷8 போட வையுங்கள். 0.75 நீளம், ஆனால் 0.5-ஐ விடப் பெரியது. 0.875 இன்னும் நீளம், இன்னும் பெரியது. "அப்படின்னா நீளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்று ஏதாவதொரு பிள்ளை சொல்லும்வரை காத்திருங்கள். அந்த வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நாடா. கிராஃப் தாளை 2 செ.மீ அகலத்துக்கு வெட்டி ஒட்டி 1 மீட்டர் நீளமாக்குங்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு நாடா. ஒட்டும் இடத்தில் செ.மீ கோடு செ.மீ கோட்டின் மேல் உட்கார வேண்டும், 2 மி.மீ நகர்ந்தாலும் ஆயிரத்தில் பாகம் தப்பாகிவிடும். முழு நாடாவின் பெயர் "ஒன்று". மீட்டர் என்று சொல்லவே கூடாது. 10 செ.மீ-க்கு ஒரு சிவப்புக் கோடு, அது பத்தில் ஒன்று. 1 செ.மீ-க்கு நீலக் கோடு, அது நூறில் ஒன்று. இதை ஏதாவது இரண்டு மூன்று சிவப்புத் துண்டுகளுக்குள் மட்டும் போட்டால் போதும், மீதியைப் பிள்ளை மனதில் போட்டுக்கொள்ளும். ஆயிரத்தில் ஒன்று கிராஃப் தாளிலேயே அச்சாகி இருக்கிறது.

இப்போது 0.3 என்றால் மூன்று சிவப்பு. 0.125 என்றால் ஒரு சிவப்பு, இரண்டு நீலம், ஐந்து குட்டிக் கோடு. இரண்டிலும் விரலை வைக்கச் சொல்லுங்கள். தகராறே வராது. 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதும் கண்ணுக்கு எதிரே கிடக்கும். அந்த இடைவெளியில் நீலக் கோடு போட்டிருக்கிறீர்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பதில் 3 | கடைத்தெரு

இவ்வளவு எதற்கு? காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசு எல்லாப் பிள்ளையும் பார்த்ததுதானே. 0.250 என்று காட்டும், 0.500 என்று காட்டும். அதையே காட்டிப் பாடம் நடத்தலாமே?

---

பதில் 4 | வட்டார_பயிற்றுநர்

சார், பழகிய பொருள் என்பதாலேயே அது நல்ல பிடியாகிவிடாது. பிள்ளைக்குச் சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். தராசு எப்போதும் மூன்று இடம் காட்டும். அதாவது பூஜ்ஜியத்தை அதுவே நிரப்பிவிடுகிறது. 0.250, 0.500 என்று வந்தால் பிள்ளை "இருநூத்தம்பது கிராம், ஐந்நூறு கிராம்" என்று முழு எண்ணாகப் படித்துச் சரியாகச் சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 0.5 கிலோ என்று எழுதிக் காட்டுங்கள், "அஞ்சு கிராம்" என்று வரும். இணைப்பு நடந்திருக்கிறது, ஆனால் கிராமோடு நடந்திருக்கிறது, பத்தில் ஒன்றோடு இல்லை.

நாடாவை மீட்டர் என்று சொல்லக் கூடாது என்றதும் இதனால்தான். மீட்டர் என்றதும் "12 செ.மீ 5 மி.மீ" என்று அலகு மாற்றிக்கொண்டு மறுபடி முழு எண்ணுக்குள் ஓடிவிடுவார்கள்.

தராசைத் தூக்கி எறிய வேண்டாம். பாடம் முடிந்த பிறகு "தராசு ஏன் அரை கிலோவை 0.5 என்று காட்டாமல் 0.500 என்று காட்டுகிறது?" என்று கேட்டால் அருமையான கேள்வி அது. கிராம் இடம் வரை காட்டும் கருவி என்பதால் கடைசி இடம் காலியாக இருந்தாலும் காட்டுகிறது. மதிப்பு ஒன்றே.

---

பதில் 5 | உளவியல்_படித்தவன்

"முன்னறிவோடு இணை" என்ற வாக்கியம் பி.எட். படித்த எல்லோருக்கும் மனப்பாடம். கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-ல் எழுதியதை முழுசாகப் பார்த்தால் அதில் இரண்டு பாதி இருக்கிறது: கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலைப் பாதிக்கும் மிக முக்கியமான காரணி, அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பி. நம் பாடக்குறிப்புகளில் "கண்டறிந்து" என்பது கழன்று விழுந்துவிட்டது. முன்னறிவு என்ற தலைப்பின் கீழ் "மாணவர்கள் முழு எண்களை அறிவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பாடத்தில் முழு எண்களை அறிவதுதானே தடையே!

நேரம் பற்றி டீச்சர் கேட்டதற்கு ஒரு பழைய சோதனை உதவும். 1972-ல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியைப் பெயர் சொல்லாமல் எழுதினார்கள். "பொருட்களைக் குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு குவியலும் போதலாம்" என்கிற ரீதியில் போகும். கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இது துணி துவைப்பது பற்றியது என்று கேட்பதற்கு முன் தெரிந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷயத்தை நினைவில் வைத்தார்கள். கேட்டு முடித்த பிறகு தெரிந்துகொண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. துவைப்பது எப்படி என்று இவர்கள் எல்லோருக்குமே தெரியும் என்பதைக் கவனியுங்கள். தெரிந்திருப்பது போதவில்லை, புதியது காதில் விழும் நேரத்தில் பழையது எழுந்து நிற்க வேண்டும். ஆகவே அரை, கால் வரிசையை எழுதுவது பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே நடக்க வேண்டும். முடிவில் "இது கால் கிலோ மாதிரிதான் பாருங்க" என்று சொல்வது தாமதம்.

இதையே சாக்காக வைத்துப் பதினைந்து நிமிடம் சந்தைக்குப் போன கதை சொல்கிறவர்களும் உண்டு. பிள்ளை மனதில் தக்காளி விலை எழுந்து நிற்கும், கால் எழாது. எழுப்பும் கேள்வியும் புதுப் பாடமும் ஒரே உறவைக் கேட்க வேண்டும். இங்கே அந்த உறவு "ஒன்றைச் சமமாகப் பிரித்தால் எது பெரிய துண்டு?" என்பது.

இரண்டாவது ஆபத்து, பழையதும் புதியதும் ஒட்டிக் கலப்படமாவது. வோஸ்னியாடூவும் புரூவரும் 1992-ல் சிறு பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டார்கள். பூமி உருண்டை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், தரை தட்டை என்று கண் சொல்கிறது. சில பிள்ளைகள் இரண்டையும் காப்பாற்ற, பூமி உள்ளே குடைந்த உருண்டை, நாம் அதற்குள் இருக்கும் தட்டைத் தரையில் வாழ்கிறோம் என்று வரைந்தார்கள். தசமத்தில் இதன் அண்ணன் தம்பி யார் தெரியுமா? 0.8, 0.9, அடுத்தது 0.10. பிள்ளை புள்ளியையும் ஏற்றுக்கொண்டது, ஒன்பதுக்குப் பின் பத்து என்பதையும் விடவில்லை. ஒப்பிடும் கணக்கில் இது வெளியே வராது. "0.7, 0.8, 0.9, அடுத்து இரண்டு எண் எழுது" என்று கேட்டால் உடனே வரும்.

"ஏன்?" என்று கேட்டு யோசிக்க வைப்பது நல்ல உத்திதான். ஆனால் பதில் சொல்லக் கையில் சரக்கு இருக்கும் பிள்ளைக்குத்தான் அது வேலை செய்யும். நாடாவைத் தொட்டுப் பார்க்கும் முன் "0.3 ஏன் பெரியது?" என்று கேட்டால் "நீங்க சொன்னீங்க மிஸ்" என்பதுதான் வரும்.

---

பதில் 6 | கரும்பலகை

சின்ன விஷயங்கள் இரண்டு, ஆனால் தினமும் கேடு செய்பவை.

வாசிப்பது: 0.125-ஐப் "புள்ளி நூற்றிருபத்தைந்து" என்று நாமே வாசிக்கிறோம். அப்படி வாசித்துவிட்டு "125 பெருசு" என்று சொல்லாதே என்றால் பிள்ளை என்ன செய்யும்? "பூஜ்ஜியம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து" என்று இலக்கம் இலக்கமாக. முதல் இரண்டு வாரம் "பத்தில் ஒன்று, நூறில் இரண்டு, ஆயிரத்தில் ஐந்து" என்றும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். ரூபாய் மட்டும் விலக்கு, அதை யாரும் இலக்கமாக வாசிக்க மாட்டார்கள்.

பலகையில் எழுதுவது: இடமதிப்புப் பட்டியலைப் புள்ளியை நடுவில் வைத்துப் போட்டால், இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு. வலப்பக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மூன்று கட்டத்தைப் பிள்ளை எதிர்பார்க்கும். முதல் கட்டத்துக்கு "ஒன்றில் ஒன்று" என்று பெயர் வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஓரிடம் தள்ளி எழுதும். நடுவில் வர வேண்டியது ஒன்றுகளின் கட்டம். அதை அகலமாக, வேறு நிறச் சாக்பீஸில் போட்டு, இருபுறமும் பத்தும் பத்தில் ஒன்றும், அதற்கு வெளியே நூறும் நூறில் ஒன்றும் வரட்டும். புள்ளி, ஒன்றுகளின் கட்டம் எது என்று காட்டும் அடையாளம், அவ்வளவே. இடமிருந்து வலம் ஒவ்வொரு கட்டமும் பத்தாகப் பிரிகிறது, புள்ளியைத் தாண்டியும் அதே பிரிப்புதான் என்று விரலை நகர்த்திக் காட்டுங்கள். முழு எண்ணில் பிள்ளைக்குத் தெரிந்ததில் தசமத்துக்கு அப்படியே செல்லுபடியாவது இந்த ஒன்றுதான், அதனால் இதை விடக் கூடாது.

---

ஏழாம்வகுப்பு_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. எட்டு ஜோடியையும் நாடாவையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். பையன்கள் எல்லாம் கிரிக்கெட் பைத்தியம். 4.3 ஓவர், 15.2 ஓவர் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தலாமா?

---

பதில் 7 | கணக்கு_வாத்தியார்

தொடக்கத்தில் கூடவே கூடாது. 4.3 ஓவரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்து, ஓவருக்கு ஆறு. 4.5-க்கு அடுத்த பந்து வீசினால் 5.0. இது தசமமே இல்லை.

நாடா வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள், அப்போது அது தங்கம். பையன்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: 4.3 ஓவரில் 36 ரன். ரன் ரேட் என்ன? 36-ஐ 4.3-ஆல் வகுத்தால் 8.37 வரும். டிவியில் 8.00 என்று காட்டுவார்கள். யார் சரி? 4 ஓவர் 3 பந்து என்றால் 27 பந்து, அதாவது நாலரை ஓவர், அதாவது தசமத்தில் 4.5. 36÷4.5 = 8. இந்த இடத்தில் "ஓவர்ல இருக்கற புள்ளி வேற, கணக்குல இருக்கற புள்ளி வேற" என்று அவர்களே சொல்வார்கள்.

ஓவர் மட்டுமில்லை, பிள்ளையின் நாளில் போலிப் புள்ளி நிறைய. 2.30 மணி. 5.10 உயரம், அதாவது ஐந்தடி பத்தங்குலம், 5.9-ஐ விட உயரம்! பயிற்சி அதிகமுள்ள பாடப்புத்தகம் 1.9-க்கு அடுத்து 1.10 என்று எண் போடுகிறது. "0.9-க்கு அடுத்து 0.10" என்று எழுதும் பிள்ளைக்குத் தினமும் சாட்சி சொல்வது அந்தப் புத்தகம்தான்.

இதற்கு அட்டை விளையாட்டு நன்றாக வரும். பத்துப் பன்னிரண்டு அட்டை: ரூ. 12.50, 4.3 ஓவர், பயிற்சி 1.10, உடல் வெப்பம் 98.6, 2.30 மணி, 5.10 உயரம், பால் கொழுப்பு 4.2, பெட்ரோல் 3.75 லிட்டர். எது தசமம், எது வெறும் தடுப்புப் புள்ளி என்று இரண்டு குவியல். தீர்மானிக்க ஒரே கேள்வி: புள்ளிக்குப் பின் ஓரிலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் அடுத்த முழு எண் வரும்? தெர்மாமீட்டரில் 98.9-க்கு அடுத்து 99.0. ஓவரில் 4.5-க்கு அடுத்து 5.0. பயிற்சி எண்ணில் வரவே வராது, 1.10, 1.11 என்று போய்க்கொண்டே இருக்கும். ரூபாயில் குழப்பம் வரும், வரட்டும்: 12.9 என்று கடையில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் எழுதினால் அது 12.90 என்று முடிவுகட்ட வையுங்கள்.

நாடாவுக்கு முன்னால் இந்த அட்டையை எடுத்தால் இருக்கிற குழப்பத்தில் இன்னும் எட்டு குழப்பம் சேரும். வரிசை முக்கியம்.

---

பதில் 8 | வட்டார_பயிற்றுநர்

பூஜ்ஜியம் போட்டுச் சமமாக்கும் விதி பற்றி டீச்சர் கேள்வியிலேயே இருக்கிறது, யாரும் தொடவில்லை. அது சரியான விதிதான், ஆனால் முழு எண் அறிவோடு மட்டும் ஒட்டும். 0.300, 0.125 என்று எழுதியதும் பிள்ளை 300-ஐயும் 125-ஐயும் ஒப்பிட்டுவிட்டுப் போய்விடும், பழைய விதி கைபடாமல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். 0.5 + 0.12 கொடுத்துப் பாருங்கள், 0.17 வரும்.

நாடாவில் 0.3-ன் மேலும் 0.300-ன் மேலும் ஒரே இடத்தில் விரல் வைத்து, "மூன்று சிவப்பு, முப்பது நீலம், முந்நூறு குட்டிக் கோடு, மூன்றும் ஒரே நீளம்" என்று பிள்ளை சொன்ன பிறகு இந்த விதியைக் கொடுங்கள். அப்போது அது குறுக்குவழி. அதற்கு முன் கொடுத்தால் மூடுதிரை.

எட்டு ஜோடித் தாளை எண்களை மாற்றி மூன்று வாரம் கழித்து, வேறு பாடம் நடக்கும்போது, முன்னறிவிப்பில்லாமல் திரும்பக் கொடுங்கள். பாடம் முடிந்த மறுநாள் கொடுத்தால் எல்லோரும் தேறுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் சிலர் பழைய விதிக்கே திரும்பியிருப்பார்கள், சிலர் நீளத்திலிருந்து குட்டைக்குத் தாவியிருப்பார்கள். அவர்களுக்கு முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த வேண்டாம். நீளக்காரர்களுக்கு 0.5-ஐயும் 0.25-ஐயும் கொடுத்து அரை, கால் என்று எழுத வையுங்கள். குட்டைக்காரர்களுக்கு 0.5-ஐயும் 0.75-ஐயும்.